பழைய மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே திருத்திப் பாதுகாப்பது எப்படி?



நம்ம தோட்டங்களில் இன்றைக்கு லயத்துக்கு லயம் ஒரு பழைய மோட்டார் சைக்கிளாவது நிற்கிறது. சீட்டுக் காசில் வாங்கியது, கொழும்பில் கடையில் நிற்கும் மகன் அனுப்பிய காசில் வாங்கியது, மாமன் ஓட்டி முடித்து மருமகனுக்குக் கொடுத்தது என்று பல விதம். ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக அதுதான் கை கொடுக்கிறது. மாதச் சாமான் வாங்கவும், டியூஷனுக்குப் போன பிள்ளையைக் கூட்டி வரவும் அதுதான்.

2020 மார்ச் மாதம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 இல் மறுபடியும் வழி திறந்து விட்டாலும், புது பைக்கின் விலை நம்ம கைக்கு எட்டுகிற மாதிரி இல்லை. ஆகவே பழையதைத் திருத்தி ஓட்டுவதுதான் பெரும்பாலான குடும்பங்களுக்கு வழி. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஹீரோ ஹொண்டா சிடி 100 முதன்முதலில் 1985 ஆம் ஆண்டு இந்தியாவில் வந்தது. ஸ்ப்ளெண்டர் 1994 இல் வந்தது. இரண்டுக்கும் 97.2 சிசி எஞ்சின். காற்றிலேயே குளிர்கிற, சின்ன, எளிமையான எஞ்சின். ஒழுங்காக எண்ணெய் மாற்றி வந்தால் அது பல காலம் உழைக்கும். அந்த மாதிரி நாலு ஸ்ட்ரோக் பைக்கை மனதில் வைத்துத்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன். வேறு பைக் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லி விடுகிறேன். பைக் ஓடாமல் நின்றால் நமக்கு நட்டம் காசு மட்டுந்தான். பைக் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடினால் நட்டம் உயிர். பெற்றோல் லயத்துக்குள் தீப்பிடித்தால் ஒரு குடும்பம் இல்லை, பத்துக் குடும்பம் வெளியில் நிற்கும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

1. வாங்குவதற்கு முன் புத்தகத்தைப் பாருங்கள்

பழைய பைக் வாங்கப் போகிறவர் முதலில் எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது பதிவுப் புத்தகம்.

• புத்தகத்தில் உள்ள எஞ்சின் நம்பரும் சேசி நம்பரும் பைக்கில் கொத்தியிருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். சேறு பிடித்திருந்தால் துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, ஒவ்வொரு எழுத்தாக வாசியுங்கள். நம்பரைத் தேய்த்து மறுபடி கொத்தின அடையாளம் தெரிந்தால் வாங்க வேண்டாம்.

• புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கடன் முடிந்து அந்தப் பெயர் நீங்கும் வரைக்கும் முழுக் காசையும் கொடுக்கக் கூடாது. கடன் கட்டாவிட்டால் கம்பனிக்காரர் வந்து உங்கள் கையில் இருக்கும் பைக்கைத்தான் கொண்டு போவார்.

• "ஓபன் பேப்பரில் ஓட்டலாம், பெயர் பிறகு மாத்திக்கலாம்" என்று சிலர் சொல்வார்கள். அப்படி வாங்கிய பைக் மூன்று நாலு கை மாறி இருக்கும். விபத்து என்று வந்தால் பொலிஸ் தேடிப் போவது புத்தகத்தில் உள்ள பெயரை. உங்களுக்கும் உரிமை நிரூபிக்க முடியாது. ஆகவே பெயர் மாற்றும் வேலையை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தாமதிக்காமல் செய்து விடுங்கள்.

• ரெவனியூ லைசன்ஸ் எடுக்க இன்சூரன்சும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். பல வருடம் லைசன்ஸ் போடாத பைக் என்றால், நிலுவை எவ்வளவு வரும் என்று பிரதேச செயலகத்தில் விசாரித்த பிறகே விலை பேசுங்கள். மலிவாகக் கிடைத்த பைக் அந்தக் கணக்கில் மலிவாக இல்லாமல் போகலாம்.

2. எங்கே வைத்து வேலை செய்வது?

காம்பராவுக்குள் வைத்து வேலை செய்யவே கூடாது. இஸ்தோப்பும் நல்லதல்ல, ஏனென்றால் அடுத்த வீட்டு அடுப்பு நாலு அடி தூரத்தில் இருக்கும்.

பெற்றோல் ஆவி காற்றை விடக் கனமானது. அது மேலே போகாது. தண்ணீர் மாதிரித் தரையோடு பரவி, கதவு இடுக்கு வழியாக அடுப்பு இருக்கிற இடத்தைத் தேடிப் போகும். பெற்றோல் சிந்தியது ஒரு இடம், தீப்பிடிப்பது இன்னொரு இடம் என்று ஆவது அதனால்தான். 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் பல வீடுகளில் கேனிலும் சோடாப் போத்தலிலும் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார்கள். அந்தப் பழக்கம் இருக்கிற வீடுகளில் இன்றைக்கே அதை நிறுத்துங்கள்.

வேலை செய்யும் இடத்துக்கு விதிகள்:

• வெளியில், காற்றோட்டமான, கூரை மட்டும் உள்ள இடம் நல்லது. மழைக்காலத்தில் ஒரு ரப்பர் சீட் கட்டிக்கொள்ளலாம்.
• பீடி, சிகரெட், குப்பி விளக்கு பக்கத்தில் வரக் கூடாது.
• ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். பெற்றோல் தீக்குத் தண்ணீர் ஊற்றினால் பெற்றோல் மிதந்து தீயைப் பரப்பும். மணல் போட்டு மூட வேண்டும்.
• பாகங்களைக் கழுவ பெற்றோல் வேண்டாம். மண்ணெண்ணெய் போதும்.
• மூடிய இடத்தில் எஞ்சினை ஓட விடாதீர்கள். அந்தப் புகையில் உள்ள விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை சுற்றுகிறது என்று உணரும் போது காலம் கடந்திருக்கும்.
• சின்னப் பிள்ளைகளைச் சைலன்சர் பக்கம் விட வேண்டாம். எஞ்சின் நின்ற பிறகும் அது சூடாகத்தான் இருக்கும்.

சாமான்கள்: 8, 10, 12, 14, 17 அளவு ஸ்பெனர்கள், இரண்டு வகைத் திருப்புளி, ஒரு பிளையர், பிளக் கழற்றும் சாவி, பழைய டூத் பிரஷ், சைக்கிள் பம்ப், சுத்தமான பருத்தித் துணி. இவ்வளவும் இருந்தால் இந்தப் பாடத்தில் உள்ள வேலையில் முக்கால்வாசி செய்யலாம். மலிவான ஸ்பெனர் நட்டின் மூலையைத் தேய்த்து விடும். சாமான் குறைவாக இருந்தாலும் நல்லதாக வாங்குங்கள்.

கழற்றும் போது ஒரு பழக்கம் வேண்டும். ஒவ்வொரு பாகத்தின் நட்டையும் தனித்தனி யோகட் கப்பில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். போன் இருந்தால் கழற்றுவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வயர்களைக் கழற்றும் போது இது மிகவும் உதவும்.

3. கிக் அடிக்க அவசரப்பட வேண்டாம்

பல மாதம் நின்ற பைக்கைக் கொண்டு வந்ததும் எல்லோரும் செய்வது கிக்கரில் ஏறி மிதிப்பது. சிலிண்டருக்குள் துரு ஏறியிருந்தால் அந்த மிதியில் பிஸ்டனும் ரிங்கும் கீறிப் போகும். இந்த வரிசையில் செய்யுங்கள்:

முதலாவது: பைக்கைக் கழுவிக் காய வையுங்கள். சேற்றுக்கு அடியில் இருக்கிற வெடிப்பும் எண்ணெய்க் கசிவும் அப்போதுதான் தெரியும்.

இரண்டாவது: பழைய எஞ்சின் எண்ணெயை ஒரு பேசினில் இறக்கிப் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. விரலில் தேய்க்கும் போது இரும்புத் தூள் மினுங்கினால் உள்ளே ஏதோ தேய்கிறது. கறுப்பாக மட்டும் இருந்தால் பயப்பட ஒன்றும் இல்லை.

மூன்றாவது: பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டைக்குள் ஒரு தேக்கரண்டி புது எஞ்சின் எண்ணெய் விட்டு, ஒரு இரவு வைத்து விடுங்கள். மறுநாள் பிளக் போடாமலே கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்குங்கள். சுலபமாகச் சுற்றினால் நல்லது. இறுகி நின்றால் பலம் போட வேண்டாம். அது கராஜ் பாஸின் வேலை.

நாலாவது: புது எண்ணெய் ஊற்றுங்கள். சின்ன ஹொண்டா வகை எஞ்சினுக்கு ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே பிடிக்கும். பைக்கை நேராக நிறுத்தி, அளவுக் கம்பியைத் துடைத்து, திருகாமல் உள்ளே விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கோட்டுக்கும் நடுவில் மேல் கோட்டுக்குக் கிட்ட இருந்தால் சரி. கூடுதலாக ஊற்றுவதும் பிழை. பைக்குக்கு உரிய எண்ணெயையே வாங்குங்கள். பைக்கில் கிளட்ச் தட்டுகள் அந்த எண்ணெயிலேயே நனைந்து வேலை செய்கின்றன. சில கார் எண்ணெய்களில் வழுக்கும் மருந்து கலந்திருப்பதால் கிளட்ச் பிடிக்காமல் போகலாம்.

ஐந்தாவது: டேங்க்கில் உள்ள பழைய பெற்றோலை வெளியில் எடுங்கள். மாதக் கணக்கில் நின்ற பெற்றோல் கெட்டுப் பிசின் மாதிரி ஆகிவிடும். டேங்க்குக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். துரு லேசாக இருந்தால் டேங்க்கைக் கழற்றி, பெற்றோல் டெப்பையும் கழற்றி விட்டு, ஓட்டையை அடைத்து, வினாகிரி நிரப்பி ஒரு நாள் வையுங்கள். கொஞ்சம் சின்ன நட்டுகளைப் போட்டுக் குலுக்கினால் துரு உதிரும். நட்டுகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். பிறகு அப்பச்சோடா கலந்த தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, வெயிலில் முழுக்கக் காய வைத்து, உடனே கொஞ்சம் எஞ்சின் எண்ணெய் விட்டுச் சுழற்றுங்கள். ஈரத்தோடு வைத்தால் அன்றைக்கே மறுபடி துரு பிடிக்கும்.

ஓட்டை விழுந்த டேங்க்கை நீங்கள் வெல்டிங் செய்யவோ தீயில் சூடாக்கவோ கூடாது. பெற்றோல் நிறைந்த டேங்க்கை விட வெறும் டேங்க்தான் வெடிக்கும். உள்ளே ஆவியும் காற்றும் கலந்திருப்பதே காரணம்.

4. எஞ்சினும் நம்ம வீட்டு அடுப்பும்

எஞ்சின் ஸ்டார்ட் ஆகாவிட்டால் எங்கே பிழை என்று தேடுவது கஷ்டம் என்று நினைக்கிறோம். அடுப்பு எரிய என்ன வேண்டும்? விறகு, நெருப்பு, காற்று. எஞ்சினுக்கும் அதே மூன்றுதான். விறகு பெற்றோல். நெருப்பு பிளக்கின் பொறி. காற்று எயார் பில்டர் வழியாக வருகிறது. அதோடு பிஸ்டன் அந்தக் கலவையை நன்றாக அமுக்கவும் வேண்டும். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

நெருப்பு: பிளக்கைக் கழற்றித் தொப்பியில் மாட்டி, அதன் இரும்புப் பகுதி எஞ்சினில் படும்படி வைத்துக் கிக் பண்ணுங்கள். நீல நிறப் பொறி அடிக்க வேண்டும். பிளக் ஓட்டைக்குக் கிட்ட வைத்து இதைச் செய்யக் கூடாது. அங்கிருந்து பெற்றோல் ஆவி வெளியே வரும். பிளக் நுனியின் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர் வரை இருந்தால் சரி.

பிளக்கின் நிறத்தைப் பார்க்கவும் பழகிக்கொள்ளுங்கள். டொக்டர் நாக்கைப் பார்க்கிற மாதிரித்தான் இதுவும்.

• வெளிர் பழுப்பு: எஞ்சின் நல்ல சுகம்.
• காய்ந்த கரி: பெற்றோல் கூட, அல்லது காற்று குறைவு. எயார் பில்டரைப் பாருங்கள்.
• ஈரமான கறுப்பு எண்ணெய்: எஞ்சின் எண்ணெய் மேலே வருகிறது. ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம்.
• வெள்ளை: பெற்றோல் போதாமல் எஞ்சின் சூடாகிறது. கார்புரேட்டர் அடைப்பையும் காற்று ஒழுக்கையும் தேடுங்கள்.

விறகு: கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றினால் நடுவில் பித்தளை ஜெட் தெரியும். அதன் ஓட்டை ஊசி நுனி அளவுதான். அடைத்திருந்தால் இரும்புக் கம்பியால் குத்த வேண்டாம். ஓட்டை பெரிதாகிப் பெற்றோல் குடிக்க ஆரம்பிக்கும். மண்ணெண்ணெயில் ஊற வைத்து, சைக்கிள் பம்பால் காற்றடியுங்கள். பக்கத்தில் உள்ள கலவை ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன் அதை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் நிற்கிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். திருப்பிப் போடும் போது அதே சுற்றுக்கு வெளியே எடுக்க வேண்டும்.

காற்று: நம்ம ரோட்டின் தூசியில் எயார் பில்டர் சீக்கிரம் அடைத்துப் போகும். பஞ்சு வகை என்றால் மண்ணெண்ணெயில் கழுவிக் காய வைத்து, எஞ்சின் எண்ணெய் தொட்டுப் பிழிந்து போடலாம். கடதாசி வகையைக் கழுவக் கூடாது, தட்டலாம், அல்லது மாற்ற வேண்டும். பில்டர் இல்லாமல் ஓட்டினால் தூசி உள்ளே போய், மண் போட்டுத் தேய்த்த மாதிரி சிலிண்டர் தேய்ந்து விடும்.

மலைநாட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று: உயரம் ஏற ஏறக் காற்று மெலிதாகும். ஒவ்வொரு ஆயிரம் மீற்றருக்கும் எஞ்சின் பலம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். நுவரெலியா டவுன் சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கீழ் நாட்டில் டியூன் பண்ணிய பைக் இங்கே கரி பிடித்து இழுக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். உடனே ரிங் போய்விட்டது என்று முடிவு பண்ணிக் காசைக் கொட்ட வேண்டாம்.

5. பிரேக்: இதில் கஞ்சத்தனம் கூடாது

பைக்கும் அதில் இரண்டு பேரும் சேர்ந்து 220 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் டிவிஷனில் இருந்து டவுன் ரோட்டுக்கு 300 மீற்றர் உயரம் இறங்குகிறோம். அந்தப் பாரம் அவ்வளவு உயரம் இறங்கும் போது வெளிப்படும் சக்தி, பச்சைத் தண்ணீர் ஏறக்குறைய இரண்டு லீற்றரைக் கொதிக்க வைக்கப் போதும். நீங்கள் கியரில் இறங்கினால் அதில் ஒரு பங்கை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். பெற்றோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் விட்டால், காற்று தடுக்கிறது போக மிச்சம் அத்தனையும் பிரேக் சூவில்தான் இறங்கும். கைப்பிடி அளவு டிரம் அந்தச் சூட்டைத் தாங்காது. சூடேறின சூ பிடிக்காமல் வழுக்கும். மேலே பிடித்த பிரேக் கீழ் வளைவில் பிடிக்கவில்லை என்று சொல்வது இதைத்தான்.

ஆகவே ஏறுகிற கியரிலேயே இறங்குங்கள். இறக்கத்தில் நியூட்ரல் வேண்டவே வேண்டாம். அதில் மிச்சமாகிற பெற்றோல் ஒரு பிளேன்டீக் காசு கூட வராது.

"முன் பிரேக் பிடிச்சா கவிழ்ந்திடும்" என்று சில தம்பிமார் அதன் கேபிளையே கழற்றி விடுகிறார்கள். இது பிழை. பிரேக் பிடிக்கும் போது பாரம் முன்னால் சாய்வதால், வண்டியை நிறுத்துகிற பலத்தில் பெரும்பங்கு முன் சில்லுக்குத்தான். இரண்டையும் சேர்த்து, திடீரென்று அமுக்காமல், படிப்படியாகப் பிடிக்க வேண்டும். மணலிலும் ஈர இலையிலும் வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து விடுங்கள்.

டிரம் பிரேக்கைப் பார்க்கும் முறை:

• பிரேக் தட்டில் ஒரு அம்புக்குறியும் ஒரு அடையாளக் கோடும் இருக்கும். பிரேக்கை முழுதாகப் பிடிக்கும் போது அம்பு கோட்டைத் தொட்டால் சூ முடிந்து விட்டது. அட்ஜஸ்ட் பண்ணி ஓட்டக் கூடாது, மாற்ற வேண்டும்.
• சில்லைக் கழற்றினால் டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊத வேண்டாம். பழைய சூக்களில் கல்நார் இருந்திருக்கலாம். அது நெஞ்சுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பொதியில் கட்டி எறியுங்கள்.
• சூவில் கிறீஸ் அல்லது எண்ணெய் பட்டிருந்தால் தேய்த்துப் போடாமல் மாற்றுங்கள்.
• கேபிளில் ஒரு நூல் அறுந்திருந்தாலும் முழுக் கேபிளையும் மாற்றுங்கள். மிச்ச நூல்கள் அறுவது நாம் பலமாகப் பிடிக்கிற அன்றைக்குத்தான்.
• கைப் பிரேக்கும் கால் பிரேக்கும் பிடிக்க ஆரம்பிக்கும் முன் ஏறக்குறைய இரண்டு சென்ரிமீற்றர் சும்மா அசையலாம். அதற்கு மேல் என்றால் இறுக்குங்கள். இறுக்கிய பிறகு சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள், தடையில்லாமல் சுற்ற வேண்டும்.

6. செயின், டயர், வயர்

செயினை நடுவில் மேலும் கீழும் அசைத்தால் பொதுவாக ஒரு அங்குலம், அதாவது 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை ஆட வேண்டும். பைக்கின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். மிகவும் இறுக்கினால் பெயாரிங் போகும். தளர்ந்தால் செயின் கழன்று பின் சில்லைப் பூட்டிவிடும். செயின் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்த்து இருக்க வேண்டும். பற்கள் சுறா மீன் பல் மாதிரிச் சாய்ந்திருந்தால் செயினையும் இரண்டு ஸ்ப்ரொக்கட்டையும் ஒன்றாக மாற்றுங்கள். செயினை மட்டும் மாற்றினால் பழைய பல் புதுச் செயினைத் தின்று விடும்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். உதாரணமாக 1419 என்றால் 2019 ஆம் ஆண்டின் 14 ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் இருந்தாலும், பக்கம் வெடித்த பழைய டயரை நம்பக் கூடாது. இந்த வகைச் சின்ன பைக்குக்குப் பொதுவாக முன்னால் 25, பின்னால் 28 பிஎஸ்ஐ காற்று. பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்கு இன்னும் கூட வேண்டும்.

பல்ப், பெட்டரி வாங்கும் முன் உங்கள் பைக் 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பாருங்கள். மாற்றி மாட்டினால் பல்ப் எரிந்து விடும். லயத்தில் எலிக்குக் குறைவில்லை. சீட்டுக்கு அடியில் வயரைக் கடித்திருக்கிறதா என்று மாதம் ஒரு தடவையாவது பாருங்கள். தோல் போன வயர் இரும்பில் உரசினால் பொறி பறக்கும், அதற்கு மேலேதான் பெற்றோல் டேங்க் இருக்கிறது. பனி மூட்டத்தில் பின் லைட் எரியாத பைக் லொறிக்காரர் கண்ணுக்குத் தெரியாது.

7. காசை எதற்கு முதலில் செலவழிப்பது?

ஒரு தம்பி சீட்டு எடுத்த காசில் பழைய பைக்குக்குப் பெயின்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, சத்தமான சைலன்சரும் போட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. டயரில் கம்பி தெரிந்தது. "அது அடுத்த சீட்டுக்கு ஐயா" என்றார். அவருக்கு நான் சொன்ன வரிசையை எல்லோருக்கும் சொல்கிறேன்:

பிரேக், டயர், லைட் முதலில். ஹெல்மட் இரண்டு அதோடு சேர்த்து, ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும். அடுத்தது எண்ணெய், செயின், கேபிள். பிறகு எஞ்சின். பெயின்ட் கடைசி.

எல்லா வேலையையும் நாமே செய்ய முடியாது. எண்ணெய் மாற்றுதல், பிளக், எயார் பில்டர், கார்புரேட்டர் கழுவுதல், செயின், கேபிள், பிரேக் சூ, பல்ப் இவை நம்ம வேலை. சிலிண்டர் போர் பண்ணுதல், வால்வு அரைத்தல், கியர் பெட்டி, கிராங்க், வெல்டிங், சில்லு நேராக்குதல் இவை பாஸின் வேலை. டெப்பட் இடைவெளியை முதல் தடவை பாஸ் செய்யும் போது பக்கத்தில் நின்று பழகிக்கொள்ளுங்கள். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே அதைச் செய்ய வேண்டும்.

கராஜுக்குக் கொடுக்கும் போது என்ன பிழை, என்ன மாற்ற வேண்டும், எவ்வளவு வரும் என்று துண்டில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். நமக்கு விஷயம் தெரியும் என்று தெரிந்தால் கணக்கும் நேராக வரும்.

8. கழிவெண்ணெய் பீலிக்குப் போக வேண்டாம்

இறக்கிய பழைய எண்ணெயைக் கானில் ஊற்றினால் அது எங்கே போகும்? கீழ் லயத்துப் பீலிக்கும் ஓடைக்கும்தான். அந்தத் தண்ணீரைக் குடிப்பது நம்ம பிள்ளைகள். தேயிலைத் தூருக்கு ஊற்றினாலும் மண் கெடும். மூடி உள்ள கேனில் சேர்த்து, பழைய எண்ணெய் எடுக்கும் கராஜில் கொடுங்கள். அடுப்பு மூட்டவும் அதைப் பாவிக்கக் கூடாது. அந்தப் புகை கெட்டது. பழைய பெட்டரியையும் வீட்டில் உடைக்க வேண்டாம். அதில் அமிலமும் ஈயமும் இருக்கிறது.

9. பராமரிப்பு அட்டவணை (வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்)

தினமும், பிரட்டுக்குப் போகும் முன் இரண்டு நிமிடம்: முன் பிரேக், பின் பிரேக், டயரில் காற்று, லைட், தரையில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா.

வாரம் ஒரு தடவை: எண்ணெய் அளவு, செயின் தளர்வு, செயினுக்கு எண்ணெய், நட்டு போல்ட் இறுக்கம்.

மாதம் ஒரு தடவை: எயார் பில்டர், பிளக், கேபிள்களுக்கு எண்ணெய், பெட்டரித் தண்ணீர், வயர், சில்லுக் கம்பிகள்.

ஏறக்குறைய 2,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை: எஞ்சின் எண்ணெய் மாற்றம். கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதன்படி. மீற்றர் வேலை செய்யாவிட்டால் எண்ணெய் மாற்றிய திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

மழைக்காலம் தொடங்கும் முன்: பிரேக் சூ, டயர் பட்டன், சில்லு பெயாரிங்.

10. படித்து முடித்ததும் வீட்டில் கேட்டுப் பாருங்கள்

1. பெற்றோல் தீயை எதால் அணைக்க வேண்டும்? ஏன்?
2. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பிரேக்குக்கு என்ன நடக்கும்?
3. பிளக் காய்ந்த கரியாக இருந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?
4. டயரில் 3221 என்று இருந்தால் அது எந்த ஆண்டில் செய்தது?
5. நம்ம வீட்டுப் பைக் ராத்திரியில் எங்கே நிற்கிறது? அடுப்புக்கு எவ்வளவு தூரம்?

முதல் நாலு கேள்விக்கும் விடை இந்தப் பாடத்தில் இருக்கிறது. ஐந்தாவதற்கு வெளியில் போய் அடி வைத்து அளந்து பாருங்கள். தூரம் போதாது என்றால் இன்றைக்கே இடத்தை மாற்றுங்கள்.

அண்ணன்மார், தம்பிமார் மட்டும் இல்லை, தங்கச்சிமாரும் அக்காமாரும் இதைப் பழகலாம். பிளக் கழற்றவும் செயினுக்கு எண்ணெய் விடவும் பெரிய பலம் வேண்டியதில்லை, பொறுமை இருந்தால் போதும். ராத்திரி அவசரத்துக்கு பைக்கை வெளியே எடுக்கும் போது அது ஸ்டார்ட் ஆக வேண்டும், கீழ் வளைவில் நிற்கவும் வேண்டும். அதற்கான வேலையை ஞாயிற்றுக்கிழமை பகலில், வெளிச்சம் இருக்கும் போதே செய்து வையுங்கள்.